அய்யனார் வயலில் போட்ட கரி

1

இன்று காலை எழுந்ததும் செய்த முதல் வேலை, ஒரு துண்டை நனைத்துச் சன்னல் இடுக்கில் திணித்தது. இரண்டாவது வேலை, அதை உருவிவிட்டு வேறு துண்டு வைத்தது. முதலில் திணித்தது என் மனைவியின் துண்டாம்.

நான் இருப்பது கனடாவில், எட்மண்டனில். குளிர்காலத்தில் மூக்கு மயிர்கூட உறைந்து நிற்கிற ஊர். கோடையில் வடக்கே காடு எரியும். புகை கிளம்பி வந்து ஊருக்குள் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொள்ளும். சூரியன் குங்குமப் பொட்டு மாதிரி தெரியும். நேராகப் பார்த்தாலும் கண் கூசாது. நாங்கள் வந்த புதிதில் எப்போதாவதுதான் இப்படி ஆகும். இப்போதெல்லாம் புதுக்கோட்டையில் அக்னி நட்சத்திரத்தை எதிர்பார்ப்பதுபோல இங்கே புகையை எதிர்பார்த்து இருக்கிறோம்.

நான் பயந்த சுபாவம். காற்றைச் சுத்தம் செய்யும் மெஷின் எங்கள் வீட்டில் அறைக்கு ஒன்று ஓடுகிறது. கக்கூசுக்கும் ஒன்று வாங்கி வந்தேன்.

"அங்க இருக்க காத்த எந்த மெஷினுங்க சுத்தம் பண்ணும்?" என்று கேட்டாள் என் மனைவி தமிழ்ச்செல்வி.

அவள் நர்ஸ். மூச்சுத் திணறி வருகிறவர்களைத் தினமும் பார்க்கிறவள் அவள். மூச்சுத் திணறுகிறவன் நான். குடும்பம் என்றால் வேலையைப் பிரித்துக்கொள்ள வேண்டும் அல்லவா.

நாளை ஆடி பிறக்கிறது. போன ஆடியில் எங்கள் ஊரில் பெண்கள் கூடை கூடையாகக் கரியைத் தலையில் சுமந்து, கொட்டுமேளத்தோடு அய்யனார் வயலுக்குப் போனார்கள். அந்தக் கரிக்கும் இந்தப் புகைக்கும் என் தம்பி முருகேசன் இப்போது இருக்கிற இடத்துக்கும் சம்பந்தம் உண்டு. துண்டு காய்வதற்குள் எழுதிவிடுகிறேன்.

2

என் வேலை என்ன என்று சொன்னால் ஊரில் சிரிப்பார்கள் என்று நினைத்தேன். சொன்னேன். சிரித்தார்கள்.

காற்றில் கூடிப்போன கரியமில வாயுவை வெளியே எடுத்து மண்ணுக்குள் பூட்டி வைக்கிறவர்களுக்குப் பெரிய கம்பெனிகள் காசு கொடுக்கின்றன. பூட்டியது நிஜம்தானா என்று நடுவிலிருந்து பார்த்துச் சொல்ல ஒரு சின்ன அலுவலகம். அதில் படங்களைப் பார்த்துச் சரி போடுகிறவன் நான். எங்கெங்கோ உள்ள விவசாயிகள் தங்கள் வயலைப் படமெடுத்து அனுப்புவார்கள். நான் வெளியே உறைபனியைப் பார்த்துக்கொண்டு, உள்ளே அவர்களுடைய சேற்றைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

விஷயம் கஷ்டமானதல்ல. மரம் வளரும்போது காற்றிலிருக்கும் கரியமில வாயுவைத் தின்கிறது. அதை அடுப்பில் வைத்தால் தின்றதெல்லாம் மறுபடி காற்றுக்கே போய்விடும். காற்றுப் படாமல் வேகவைத்துக் கரியாக்கி மண்ணில் கலந்தால் பல நூறு வருஷத்துக்கு அங்கேயே கிடக்கும். உலகம் விடுகிற புகைக்கு முன்னால் இது கடலில் கரைத்த பெருங்காயம் என்று எனக்கும் தெரியும். ஆனால் பயந்தவனுக்குக் கையில் ஏதாவது ஒன்று வேண்டும். சிலருக்குத் தாயத்து, எனக்குக் கரி.

எங்கள் ஊர் திருமயம் பக்கம். எங்கள் கண்மாய்க்குள் தண்ணீர் இல்லாவிட்டாலும் சீமைக்கருவேல மரத்துக்குக் குறைவில்லை. ஒருநாள் வேலைக்கு நடுவில் பொறி தட்டியது. முருகேசனுக்குப் போன் போட்டேன்.

முருகேசன் ஊரில் லோடு வண்டி ஓட்டிக்கொண்டிருந்தான். சவாரி குறைந்துவிட்டது என்று அவன் மச்சினன் குவைத்துக்கு விசா ஏற்பாடு செய்துகொண்டிருந்த சமயம். எங்கள் குடும்பத்தில் ஊரில் மிச்சமிருந்தது அவன் ஒருவன்தான்.

கருவேலத்தை வெட்டுவது, கரியாக்குவது, மூன்று வருஷத் திட்டம் என்று நான் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அண்ணே, ஒண்ணு கேக்குறேன், கோவிச்சுக்காதீங்க" என்றான். "அங்கிட்டு நீங்க விட்ட புகைக்கு இங்கிட்டு நாங்க எதுக்குக் குழி வெட்டணும்?"

இந்தக் கேள்விக்கு எங்கள் அலுவலகத்தில் அழகான பதில் அச்சடித்து வைத்திருக்கிறார்கள். அதைத் தம்பியிடம் ஒப்பிக்கவில்லை.

"வெயிலு ஒன் தலையிலதானடா அடிக்குது?" என்றேன்.

"அதுவும் சரிதான்" என்றான். பிறகு, "ஊரு சேந்தா நான் இருக்கேண்ணே. மூணு வருசத்துக்கு வண்டிக்கு ஓட்டம் கெடைக்கும்ல? சேரலையா, வண்டிய வித்துப்புட்டு குவைத்துக்குப் போறேன்" என்றான்.

உலகத்தைக் காப்பாற்றுகிற ஆசை எனக்கு உண்டு; மறுக்கவில்லை. ஆனால் அன்றைக்கு எனக்கு முன்னால் நின்றது உலகம் இல்லை. முருகேசன் ஊரில் இருப்பானா, போவானா என்பதுதான்.

3

ஊர் முழுதும் சேர வேண்டும் என்பது என் பிடிவாதம் இல்லை. மரம் நிற்பது பொதுக் கண்மாயில். கரி போய்ச் சேர வேண்டியது அந்தக் கண்மாய் பாயும் எல்லா வயல்களுக்கும். ஒருவர் மண்ணில் போட, இன்னொருவர் அதே கரியை டீக்கடைக்கு விற்றால் கணக்கு ஒட்டாது. போன வருஷம் பொங்கலுக்கு நானே ஊருக்குப் போய்க் கூட்டத்தில் நின்றேன்.

கூட்டத்தை நடத்தியவர் ராமசாமி அம்பலம். அம்பலம் என்றால் ஊர்த் தலைவர். அவர் தோளில் வெள்ளைத் துண்டு கிடக்கும்வரை யார் வேண்டுமானாலும் பேசலாம். எடுத்து உதறிவிட்டார் என்றால் பேச்சு முடிந்தது. அதற்குமேல் பேசுகிறவன் வேப்பமரத்தோடுதான் பேச வேண்டும்.

முதலில் எழுந்தவர் தைலமரத்தைப் பற்றிக் கேட்டார். "அப்பவும் இப்புடித்தான் ஒருத்தர் வந்து மரம் வச்சா மழ வரும்னாரு. வச்சாக. மரம் வந்துச்சு. கெணத்துத் தண்ணிதான் போயிருச்சு. நீங்க என்னத்த வைக்கப் போறீக?"

"வைக்கலைங்க. வெட்டப் போறோம்" என்றேன். அதற்குக் கொஞ்சம் சிரிப்பு எழுந்தது. தெம்பு வந்துவிட்டது. தெம்பு வந்தால் எனக்கு நாக்கு நிற்காது.

எங்கள் கண்மாயில் வருஷத்துக்கு ஒருமுறை மீன்பிடித் திருவிழா உண்டு. தண்ணீர் வற்றி மீன் துள்ளுவது கரையிலிருந்தே தெரியும். ஆனாலும் ஒருவரும் வலை போடமாட்டார்கள். சுற்றுவட்டாரமே கச்சா வலையும் ஊத்தாக் கூடையுமாகக் கரையில் காத்து நிற்கும். அம்பலம் கரைமேல் ஏறி வெள்ளைத் துண்டை வீசுவார். அப்புறம்தான் மொத்தச் சனமும் இறங்கும். அதைத்தான் உதாரணமாக எடுத்துவிட்டேன்.

"துண்டு வீசுற வரைக்கும் யாராச்சும் எறங்குறோமா? எல்லாரும் பொறுக்கிறதாலதான எல்லாருக்கும் மீனு? அதே மாதிரிதாங்க இதுவும். ஒலகமே ஒண்ணாப் பொறுக்கணும், ஒண்ணா எறங்கணும்."

அம்பலம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நல்லாத்தான் சொல்ற தம்பி. ஒலகத்துக்குத் துண்டு வீசுற அம்பலம் யாருப்பா?"

எங்கள் அலுவலகத்துக்காரர்கள் வருஷா வருஷம் கோட்டு மாட்டிக்கொண்டு எந்தெந்தத் தேசத்துக்கோ மாநாட்டுக்குப் போய்வருகிறார்கள். கரையில் எல்லோரும் நிற்கிறார்கள். பாதிப்பேர் ஏற்கெனவே தண்ணீருக்குள் நிற்கிறார்கள், வலையோடு. வீசத்தான் ஆள் இல்லை. இதை அங்கே எப்படிச் சொல்வது?

முருகேசன்தான் எழுந்தான். "ஒலகம் எப்புடியும் போகட்டுங்கய்யா. கண்மாய்க்குள்ள கெடக்க கருவேலம் தொலையுதா இல்லையா? மூணு வருசம். நான் பொறுப்பு."

அம்பலம் துண்டை உதறித் தோளில் போட்டார். ஊர் சேர்ந்துவிட்டது.

4

திரும்பி வந்து, விண்ணப்பத்தைக் கணினியில் ஏற்றினேன். சொந்த ஊர் என்பதால் அதை நான் சரிபார்க்கக் கூடாது. பக்கத்து மேசை ஹெலனிடம் போனது. நல்ல மனுஷி. எதையும் காலியாக விடமாட்டார்.

"ஒப்பந்தம் போடுவது யார்?" என்றார்.

"ஊர்."

"அது கம்பெனியா?"

"இல்லை."

"சங்கமா? பதிவு எண் உண்டா?"

"இல்லை. ஊர்தான். எல்லோரும்."

"சரி, அதன் முகவரி?"

"அதுவேதான் முகவரி."

ஹெலன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கடைசியில் முருகேசன் பெயரைப் போட்டு, ஒவ்வொரு வயலுக்கும் தனித்தனியாக உரிமையாளர் பெயர் கேட்டார். நானும் சொல்லிக்கொண்டே வந்தேன். ஒரு வயல் அய்யனார் கோயிலுடையது. உரிமையாளர் அய்யனார் என்றேன்.

"அவருடைய தொலைபேசி எண்?"

"அவர் சாமி."

"அப்படியென்றால் உரிமை யாருக்கு?"

"அவருக்குத்தான். எங்கள் நாட்டுச் சட்டப்படி சாமியும் ஒரு ஆள். வழக்குக்கூடப் போடலாம்."

"கையெழுத்துப் போடுவாரா?"

"குதிரை மேல் இருக்கிறார். இறங்கமாட்டார்."

இருபது வருஷமாக ஆங்கிலம் பேசுகிறேன். எங்கள் ஊரைப் பற்றி நான் சொல்கிற உண்மைகளெல்லாம் அந்த மொழியில் பொய் மாதிரியே கேட்கின்றன. ஹெலன் நெடுநேரம் யோசித்து 'அறக்கட்டளை' என்று போட்டுக்கொண்டார். அய்யனாருக்குத் தெரிந்தால் அரிவாளை எடுத்திருப்பார்.

5

மாசியில் வெட்ட ஆரம்பித்தார்கள். கண்மாய்க்குள்ளேயே குழி போட்டு, மரத்தை அடுக்கி, வெந்து வரும்போது தண்ணீர் ஊற்றி அணைத்தார்கள். வெயில் ஏறிய பிறகு குழிப்பக்கம் நிற்க முடியாது. விடிகாலையில் ஆரம்பித்து, பள்ளிக்கூடத்து மணி அடிக்கிற நேரத்துக்கு முடித்தார்கள். முருகேசன் வண்டியில் தண்ணீர் டிரம் ஏற்றி இறக்கியபடியே போனில் எனக்குக் காட்டுவான். கறுத்த முகத்தில் பல் மட்டும் தெரியும்.

மகள் யாழினியைக் கூப்பிட்டுக் காட்டினேன். கல்லூரியில் இரண்டாம் வருஷம். எட்டிப் பார்த்தாள்.

"அப்பா, பொங்கலுக்கு நீங்க போய்ட்டு வந்தீங்களே, அந்த ஃப்ளைட் விட்ட புகைக்கு இதுல எத்தனை கூடை?"

எத்தனை கூடை என்று என்னால் சொல்ல முடியும். அதுதான் என் வேலை. சொல்லவில்லை.

வெளிநாட்டில் பிள்ளைகள் ஊரை மறந்துவிடுகிறார்கள் என்று என்னைப் போன்றவர்கள் எழுதிக்கொண்டே இருக்கிறோம். என் மகள் மறக்கவில்லை. இனி விமானம் ஏறுவதில்லை என்று முடிவெடுத்திருக்கிறாள். ஊர் வெந்துபோகக் கூடாது என்பதற்காக ஊருக்கு வரமாட்டேன் என்கிறாள். மறந்திருந்தால்கூடத் திட்டியாவது அழைத்துப்போயிருப்பேன்.

ஆடி வந்தது. கரியை விதைப்புக்கு முன் எல்லா வயலுக்கும் லேசாகப் பரப்ப வேண்டும் என்பது ஏற்பாடு. அதற்கு முன்னால் ஆட்டுப் புழுக்கையும் மூத்திரமும் கலந்த தண்ணீரில் ஊறப்போட வேண்டும். பச்சைக் கரி பசித்த கரி. ஊறாமல் மண்ணுக்குப் போனால் பயிருக்குரிய சத்தை அது இழுத்து வைத்துக்கொள்ளும். இதை முருகேசனுக்கு நான் பலமுறை சொல்லியிருந்தேன். அவனும் ஊருக்குப் பலமுறை சொல்லியிருந்தான்.

ஆனால் எங்கள் ஊரில் எது விளைந்தாலும் முதல் விளைச்சல் அய்யனாருக்கு. முதல் கதிர், முதல் வாழைத்தார், முதல் ஈத்துப் பால். இது முதல் கரி. அதை யாரும் கூட்டம் போட்டு முடிவு செய்யவில்லை; செய்ய வேண்டிய அவசியமே இல்லை. ஒரு வீட்டில் கூடை எடுத்தார்கள். அடுத்த வீட்டுக்காரர்கள் பெரிய கூடை எடுத்தார்கள். பெண்கள் விரதமிருந்து, குளித்து, ஈரச்சேலையோடு வந்து நின்றார்கள். முருகேசன் ஊறல் தொட்டியைக் காட்டியிருக்கிறான்.

"ஏப்பா, சாமிக்குத் தலையில வச்சுக் கொண்டுபோறதுல ஆட்டு மூத்தரத்தையா ஊத்துவாக? புத்திகித்தி இருக்கா ஒனக்கு?"

அவ்வளவுதான். ஊர் மொத்தத்தின் கரியும், ஊறாத பச்சைக் கரி, ஒரே வயலில் போய் இறங்கியது.

எனக்கு வீடியோ வந்தது. கொட்டு, குலவை, கறுப்புக் கூடைகளின் வரிசை. அழுதுவிட்டேன். தமிழ்ச்செல்வியைக் கூப்பிட்டு, "பாரு, ஒரு வீடு விடாம வந்திருக்காக" என்றேன். படம் பார்த்துத் தப்புக் கண்டுபிடிப்பதற்காகச் சம்பளம் வாங்குகிறவன் நான். அந்தப் படத்தில் எனக்கு ஒரு தப்பும் தெரியவில்லை. இத்தனை பேர் சேர்ந்து ஒரு காரியத்தைச் செய்து நான் பார்த்ததே இல்லை. அதற்கு முன்னும், பின்னும்.

6

கார்த்திகையில் மற்ற வயல்களெல்லாம் பச்சையாக நின்றபோது அய்யனார் வயல் மஞ்சளாயிற்று. பிறகு வெளுத்தது. பிறகு ஆடுகூட மேயவில்லை.

மண் எடுத்துச் சோதிக்க எங்கள் அலுவலகம் அனுப்பிய ஆள் வந்துபோனார். மற்ற எந்த வயலிலும் கரி இல்லை. ஒரு வயலில் மட்டும் சுடுகாடு மாதிரி கரி. 'பொருந்தவில்லை' என்று ஹெலன் போட்டார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதையேதான் போட்டிருப்பேன், இன்னும் வேகமாக.

ஆனால் ஊருக்கு ஹெலன் ஒரு பொருட்டில்லை. சாமி வயல் கருகிவிட்டது. அதற்கு மேல் என்ன வேண்டும்?

இந்தத் தையில் கூட்டம். நான் போனில் கலந்துகொண்டேன். முருகேசன் என்னைக் கையில் பிடித்திருந்தான். எனக்குத் தெரிந்ததெல்லாம் வேப்பங்கிளையும் அம்பலத்தின் தாடையும்.

"கொடுத்தது கொற இல்லாமத்தான் கொடுத்தோம். சாமி ஏத்துக்கல" என்றது ஒரு குரல்.

நான் பேச ஆரம்பித்தேன். கரி கெட்டதல்ல, ஊறாததுதான் காரணம். ஒரு மழை, கொஞ்சம் எரு, அடுத்த போகத்தில் அந்த வயல்தான் ஊரிலேயே முதலாக நிற்கும். இன்னும் ஒரே ஒரு வருஷம் பாருங்கள். வாழ்க்கையில் அவ்வளவு நன்றாக நான் பேசியதில்லை. அம்பலத்தின் தாடைகூட என் பக்கம் திரும்பவில்லை.

"யாரு மேலயும் குத்தமில்ல" என்றார் அம்பலம். "முருகேசன் நல்லதுக்குத்தான் செஞ்சான். இத்தோட விட்ருவோம்."

வெள்ளையாக ஏதோ ஒன்று திரையின் குறுக்கே போனது. துண்டு.

கூட்டம் கலைந்த பிறகு முருகேசனிடம் கேட்டேன், நான் பேசியது விழுந்ததா என்று.

"நான்தாண்ணே ஸ்பீக்கர அமத்தி வச்சேன். ஆரம்பத்துல ரெண்டு வார்த்த விழுந்துச்சு. நீங்க காரணம் சொல்லச் சொல்ல, சாமிமேல நம்ம கொற சொல்ற மாதிரி ஆச்சு. மொகமெல்லாம் மாறிப்போச்சு. அதான்."

"சரி, நீ என்ன பண்ணப் போற?"

"பொறுப்புன்னு சொன்னவன் நானு. டீக்கடைல யாரும் ஒண்ணும் சொல்றதில்ல. ஆனா நான் போனா பேச்ச நிப்பாட்டிடுறாக." போனை மறு கைக்கு மாற்றினான். "மச்சான்கிட்ட சரின்னு சொல்லிட்டேண்ணே."

பங்குனியில் வண்டியை விற்றான். என் பயத்துக்குப் பரிகாரமாக ஊரைச் சேர்க்கப் போய், ஊரிலிருந்த ஒரு தம்பியையும் கிளப்பி அனுப்பிவைத்தேன். அதுவும் எங்கே? வெயிலுக்குப் பயந்து செய்த காரியம், அவனை இன்னும் பெரிய வெயிலில் கொண்டுபோய் நிறுத்தியது. எங்கள் ஊரில் இதை, மழைக்கு ஒதுங்கி இடி விழுந்த கதை என்பார்கள்.

7

நேற்று அம்பலமே என்னைக் கூப்பிட்டார். அவர் கூப்பிட்டால் சாவுச் செய்தி என்று எனக்கு ஒரு பயம், நின்றுகொண்டே எடுத்தேன்.

"ஏப்பா, நல்லாருக்கியா? சித்திரையில ஒரு மழ பேஞ்சுச்சு. ஆட்டுக்கிடை போட எடமில்லன்னு கேட்டாக, அய்யனாரு வயலு சும்மாதான கெடக்குன்னு விட்டுட்டோம். சோளம் வெதச்சுப் பாத்தோம். ஆளு ஒசரத்துக்கு நிக்குது. பக்கத்து வயலெல்லாம் வாடிப்போச்சு, இது மட்டும் ஈரத்த விடமாட்டேங்குது."

அப்போதுதான் உட்கார்ந்தேன்.

"சாமி ஏத்துக்கிருச்சு. ஊருல எல்லாரும் தங்க வயலுக்கும் போடணும்கிறாக. ஊறப்போட்டே போடுவோம், அதெல்லாம் சரி. முருகேசன வரச் சொல்லு. அவனுக்குத்தான எல்லாம் தெரியும்? கருவேலம் மறுபடி தூருல வெடிச்சு நிக்குது."

நான் இன்று முருகேசனைக் கூப்பிட்டேன். குவைத்தில் தண்ணீர் லாரி ஓட்டுகிறான். கோடையில் உச்சி நேரத்தில் வெளிவேலைக்கு அங்கே தடை. அப்போதுதான் பேச முடியும். லாரியின் நிழலில் தரையில் உட்கார்ந்திருந்தான். தலையில் ஈரத் துண்டு, முகம் பாதி மூடியிருந்தது. அவனுக்குப் பின்னால் இருந்த வெளிச்சத்தில் என் போன் திரையே வெளுத்துப்போனது.

சொன்னேன். அம்பலம் சொன்னது முழுதையும், சோளத்தின் உயரத்தைக் கொஞ்சம் கூட்டியே சொன்னேன்.

சிரித்தான். "அடப்பாவிகளா. இத அப்பவே பொறுத்திருந்தா என்னவாம்?"

"வந்துர்றியா?"

"ரெண்டு வருசத்துக்குக் கையெழுத்துப் போட்ருக்கேண்ணே. பாஸ்போர்ட்டு அவுககிட்ட இருக்கு. நடுவுல விடமாட்டாக."

"வேற யாரையாவது வச்சு ஊர்ல ஆரம்பிக்கச் சொல்லட்டுமா?"

"யாரு இருக்கா? இங்கன என் ரூமுலயே நம்ம பக்கத்து ஆளுக நாலு பேரு." துண்டை எடுத்துப் பிழிந்தான். ஒன்றும் சொட்டவில்லை. "அண்ணே, அந்தக் கரி எங்கயும் போயிராதுல்ல? நூறு எரநூறு வருசம் மண்ணுக்குள்ளயே கெடக்கும்னு நீங்கதான சொன்னீங்க?"

"கெடக்கும்."

"அப்பக் கெடக்கட்டும். நாந்தான் அம்புட்டு நாள் கெடப்பேனான்னு தெரியல."

நானும் சிரித்தேன். எங்கள் வீட்டில் யாராவது சிரித்தால் இன்னொருவரும் சிரித்துவிட வேண்டும். கேமராவில் யாழினி என் தோளுக்குப் பின்னால் வந்து நின்றது அவனுக்குத்தான் முதலில் தெரிந்தது.

"யாழினிக்குட்டி, நல்லாருக்கியா? அங்க என்னத்தா, சன்னலுக்கு வெளிய அம்புட்டுப் புகையா இருக்கு?"

"காடு எரியுது சித்தப்பா."

"எப்ப நிக்குமாம்?"

யாழினி என்னைப் பார்த்தாள். நான் அலுவலகத்தில் எல்லாவற்றுக்கும் பதில் வைத்திருப்பவன். அம்பலம் துண்டை வீசத் தயாராக இருக்கிறார். கண்மாயில் இறங்க வேண்டியவன் லாரி நிழலில் உட்கார்ந்திருக்கிறான்.

"மழை பேஞ்சா நிக்கும் சித்தப்பா" என்றாள் யாழினி.

"இங்கிட்டு வெயிலும் அதான்" என்றான் அவன். விசில் சத்தம் கேட்டது. வேலைக்குக் கூப்பிடுகிறார்கள். துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு எழுந்தான். திரை இருட்டானது.

சன்னல் இடுக்கில் வைத்த துண்டைத் தொட்டுப் பார்த்தேன். காய்ந்திருந்தது. நனைக்க எடுத்துக்கொண்டு போனேன். யாழினி அவளுடைய துண்டையும் கொண்டுவந்து கொடுத்தாள்.